தகுதி ஆபீஸ்

விசாரணை அறிக்கையை வாசித்துக் காட்டியபோது பூங்கனிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் புருஷன் ஷாஜனின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது கேஸ் குழாயின் வால்வு குழிக்குள் அல்லவாம். வீட்டுச் சமையலறையிலாம். "மனைவியின் கவனக்குறைவான சமையல் நடைமுறைகள் காரணமாக" என்று அதில் அச்சடித்து, கீழே முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

சிரிப்பு அடங்க கொஞ்ச நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகு வந்ததற்கு ஆத்திரம் என்று பெயர் வைத்தால் போதாது. அவள் அடுப்பில் இதுவரை ஒரு பப்படம்கூட கருகியதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு மாவட்டத்தில் அப்போது ஒரு தனி அலுவலகமே இருந்தது. குழாய்வழிப் பாதுகாப்பு மற்றும் பணியாளர் தகுதி மேம்பாட்டு நிறுவனம் என்பது அதன் பெயர். பெயரை ஒரே மூச்சில் சொன்னால் இளைப்பு வரும் என்பதால் ஜனங்கள் தகுதி ஆபீஸ் என்றார்கள். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் வாழைத் தோட்டங்களின் ஓரமாகக் கேஸ் குழாய் பதித்தார்கள் அல்லவா, அந்தக் குழாயைத் தொடுகிறவன், பார்க்கிறவன், பக்கத்தில் நிற்கிறவன் எல்லாருக்கும் தகுதி இருக்கிறதா என்று பரிசோதிப்பது அவர்கள் வேலை. குழாய்க்குத் தகுதி இருக்கிறதா என்பதை யாரும் கேட்கவில்லை.

ஷாஜன் கத்தரில் பல வருஷம் குழாய் மாட்டியவர். ஊருக்குத் திரும்பி இந்த வேலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். நிறுவனத்தின் மாவட்ட இயக்குநர், சென்னைக்காரர் ஸ்ரீனிவாசன், பாதுகாப்பு வாரத்துக்காக ஒரு வீடியோ எடுக்க வந்தவர், குழிக்குள் ஒரு தொழிலாளி வேலை செய்கிற மாதிரிக் காட்சி வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஷாஜன் சொல்லிப் பார்த்தார். "சார், கேஸ் உண்டான்னு மெஷின் வச்சுப் பாத்துட்டு எறங்குவோம்." மெஷின் வர சாயங்காலம் ஆகும். அதற்குள் வெளிச்சம் போய்விடும். "நான் இருக்கேன்ல, இறங்குப்பா" என்றார் ஸ்ரீனிவாசன். ஷாஜன் இறங்கினார். முகம் தெரியவில்லை என்று ஸ்ரீனிவாசன் வீடியோக்காரனிடம் சொல்லி ஒரு லைட்டையும் வயரில் கட்டிக் கீழே விட வைத்தார். வயரில் பொறி பறந்தது. குழியில் தேங்கியிருந்த கேஸ் பக்கென்று பிடித்தது.

இனி நிறுவனத்தின் தர்க்கம். தகுதிச் சான்று இல்லாத எவரும் குழிக்குள் இறங்க முடியாது என்பது விதி. ஷாஜனிடம் குழாய் மாட்டும் சான்று இருந்ததே தவிர, குழியில் இறங்கும் சான்று இல்லை. ஆகவே ஷாஜன் இறங்கவில்லை. இறங்காத ஆள் குழியில் வேக முடியாது. ஆனால் ஆள் வெந்திருக்கிறார். குழி இல்லையென்றால் அடுப்பு.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். சமையலறையில் கையைச் சுட்டுக்கொள்கிற ஃபிட்டரை எந்த கம்பெனி எடுக்கும்? ஷாஜன் வீட்டோடு இருந்தார். பூங்கனிக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருந்தது. ஆராதனை முடிந்து சபையை விட்டு வெளியே வந்தால் பின் பெஞ்சுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தார்கள். செல்லத்தாய் மட்டும் வாய்விட்டே சொன்னாள். "ஏட்டி, அடுப்புல எண்ண காயும்போ ஆம்பிளைய பக்கத்துல விடப்பிடாது, கேட்டியா?"

அன்றைக்கு பூங்கனி தீர்மானித்தாள். அந்தக் கை வெந்த இடத்தின் பெயரை அந்த ஸ்ரீனிவாசன் வாயாலேயே, ஊர் கேட்கச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை.

நாகர்கோவிலில் தகுதி ஆபீஸின் வரவேற்பறையில் உட்காரவே தலைக்கவசம் போட வேண்டியிருந்தது. மேலே மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத் தகுதியுள்ள ஆள் இன்னும் நியமிக்கப்படவில்லை.

ஸ்ரீனிவாசன் அவளை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். "அம்மா, நீங்க சொல்றது மனசளவுல எனக்குப் புரியுது. நிறுவன அளவுல புரியல. விபத்தைக் கண்டுபிடிக்கிறது சுலபம், யார் வேணா பண்ணலாம். விபத்து இல்லைன்னு கண்டுபிடிக்கத்தான் நிபுணத்துவம் வேணும். நாங்க இங்க எதுக்கு இருக்கோம்? அதுக்குத்தான் இருக்கோம்."

"சார், அவிய குழிக்குள்ள நின்னுதான் வெந்தாவ. நீங்கதான எறங்கச் சொன்னிய?"

"பாருங்க, குழியைப் பத்திப் பேசறதே ஒரு பாதுகாப்புப் பணி. அதுக்குத் தகுதி வேணும். நான் சொன்னேன்னு சொல்ல உங்களுக்குத் தகுதி இல்ல. நான் சொல்லலேன்னு சொல்ல எனக்கு இருக்கு. இதுல எங்க தப்பு?"

தப்பு எங்கே என்று பூங்கனிக்கும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி வெளியே வந்து நின்றாள். பக்கத்து அறையில் "தகுதிப் பயிற்சிக்குப் பதிவு" என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே போனாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் சேலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். "படிப்பு?" என்றார்.

"எட்டாங்கிளாஸ்."

"டிப்ளமா வேணுமே. இல்லேன்னா அலுவலக அனுபவம் இருக்கணும்."

"ஆபீஸ்ல எனக்கு இருவது வருசமாச்சு."

சேலத்துக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் ஒரு பணிவு வந்தது. "எந்தப் பிரிவுங்க மேடம்?"

"முதல்ல தல்லு. பின்ன உரிப்பு. இப்போ தரம்பிரிப்பு."

அவர் "தரக் கட்டுப்பாடு" என்று அடித்துக்கொண்டார். குமரியின் மேற்கில் கசுவண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையைத் தல்லி உடைத்துப் பருப்பெடுக்கிற கம்பெனிக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர் என்பதும், அந்தப் பக்கம் ஆபீஸுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் போவது அங்கேதான் என்பதும் அவருக்கு யார் சொல்ல? பூங்கனி பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கட்டைவிரலை மெஷினில் வைக்கச் சொன்னார். அண்டி எண்ணெய் பட்டுப் பட்டு ரேகை அழிந்த விரல் அது. "நபர் இல்லை" என்றது மெஷின். அலுவலக வரிசை நீண்டிருந்ததால் சேலத்துக்காரர் தன் விரலையே வைத்து அவளை நபராக்கினார்.

பயிற்சியாளர் கோலப்பன் சுசீந்திரத்துக்காரர். நல்ல மனுஷன். எந்தக் குழியையும் அவர் நேரில் பார்த்ததில்லை, பார்ப்பதற்கான சான்று அவரிடம் இல்லை. முதல் நாள் மூக்குத் தகுதி. கேஸுக்கு வாடை சேர்ப்பார்கள், அழுகின முட்டை போல் நாறும், அந்த நாற்றத்தை அடையாளம் காண வேண்டும். வகுப்பில் கேஸ் கொண்டுவர அனுமதியில்லை, முட்டை கொண்டுவர நிதியில்லை. ஆகவே திரையில் ஒரு முட்டையின் படம் போட்டார்கள்.

"எல்லாரும் நல்லா மோந்து பாருங்கோ" என்றார் கோலப்பன்.

இஞ்சினீயரிங் படித்த ஒருவன் எழுந்து, "சார், படம் எப்படி நாறும்?" என்று கேட்டான். அவனுக்கு மூக்கில் தகுதி இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். பூங்கனி கண்ணை மூடி இழுத்து மோந்தாள். "நாறுது சார்" என்றாள். இந்த ஆபீஸுக்குள் காலடி வைத்த நாள் முதல் நாறிக்கொண்டுதான் இருந்தது என்பதால் அதுவும் பொய்யில்லை.

பிறகு நடக்கும் தகுதி, நிற்கும் தகுதி, கயிறு கட்டும் தகுதி. கத்தும் தகுதிக்கு மட்டும் தனி வகுப்பு. தீயைக் கண்டால் முதலில் மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தீ என்று ஒப்புக்கொண்டால் இணக்கம் பெற வேண்டும். அதன்பின் பொதுமக்கள் பீதியடையாத குரலில் "தீ" என்று சொல்லலாம். எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பீதியில்லாமல் தீ சொல்ல வைத்தார் கோலப்பன். கூட்டமாகச் சொன்னபோது ஜெபக்கூட்டத்தில் ஆமென் சொல்வது போலவே இருந்தது.

பூங்கனிக்கு வழி தெரிந்தது அப்போதுதான். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி நடக்கும். அதிகாரம், வசனம் எண் சொல்லி, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அர்த்தம் யாரும் கேட்க மாட்டார்கள். வட்டார அளவில் பரிசு வாங்கியவள் அவள். தகுதி ஆபீஸின் விதிப்புத்தகத்தை அதே மாதிரி படித்தாள். அண்டி ஆபீஸில் பருப்பு தரம்பிரிக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. வீட்டில் ஷாஜன் இடது கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் அம்மியில் அரைத்துக்கொண்டே ஒப்பித்தாள்.

"ஏழு மூணு?" என்பார் ஷாஜன்.

"குழிமுகத்திலே தகுதி பெற்ற காவலரன்றி வேறெவரும் கயிற்றுக்குள் பிரவேசிக்கலாகாது."

"நீ என்னத்துக்கு பிள்ளே இதெல்லாம் படிக்க? கை போனது போச்சு."

"ஒங்களுக்க கை போச்சு. எனக்க அடுப்பு போகல்ல."

தேர்வில் அர்த்தம் புரிந்து எழுதியவர்கள் எல்லாரும் தோற்றார்கள். விதிகளில் அர்த்தத்துக்கு இடமில்லாததால் அது நியாயம்தான். குழிமுகக் காவலர் என்ற உச்சத் தகுதியில் மாவட்டத்திலேயே தேறியது பூங்கனி ஒருத்தி. அண்டி ஆபீஸ் வேலையை விடாமலே, கூப்பிடுகிற நாளில் போய்க் குழி முகத்தில் நிற்கிற பதவி. மஞ்சள் தலைக்கவசம், மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில்.

சான்றோடு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். இப்போது குழியைப் பற்றிப் பேசத் தகுதி இருக்கிறது, பேசலாமா என்றாள். ஸ்ரீனிவாசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தொப்பியின் நிறத்தைப் பார்த்தார். "குழியைப் பத்திப் பேசலாம். ஆனா விசாரணை முடிஞ்ச சம்பவத்தைப் பத்திப் பேச வேற தகுதி இருக்கு. அந்தப் பாடத்திட்டம் இன்னும் எழுதல. எழுதின உடனே சேர்ந்துக்கங்க. நல்லா பண்றீங்க."

நேர்வழி அடைபட்டது அன்றோடு. பூங்கனி கும்பிடு போட்டு வெளியே வந்தாள். வேறு வழி தானாக வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது.

விபத்தே இல்லாத மாவட்டம் என்று தகுதி ஆபீஸுக்கு அகில இந்திய விருது அறிவித்தார்கள். ஷாஜன் வெந்த நாளிலிருந்து அந்தக் குழாயில் கேஸே விடவில்லை. கேஸ் இல்லாத குழாயில் விபத்தில்லை என்பதைக் கண்டுபிடித்ததற்குத்தான் விருது. டெல்லியிலிருந்து நடுவர் வருகிறார். விழா குழியருகிலேயே நடக்கும். அதுவும் ஷாஜன் நின்ற அதே குழி, ஏனென்றால் கரி தெரியாமலிருக்க அதற்குத்தான் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். குழியில் ஸ்ரீனிவாசன் தாமே இறங்கி வால்வைத் திருகுகிற போட்டோ ஒன்றும் எடுக்க வேண்டும்.

காலையில் வைக்கலாமா என்று கோலப்பன் யோசனை கேட்டார். "மத்தியானத்துக்கு மேல வைங்க சார், குழிக்குள்ள வெளிச்சம் நல்லா விழும்" என்றாள் பூங்கனி. ஐப்பசி மாதம். மத்தியானத்துக்கு மேல் மலையில் இடி முழங்காத நாள் அந்த மாதத்தில் கிடையாது. சேலத்துக்கும் சென்னைக்கும் அது தெரியாது. சுசீந்திரத்துக்குத் தெரியும், ஆனால் வானிலை பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி கோலப்பனிடம் இல்லை.

பொதுமக்கள் பங்கேற்பு வேண்டுமென்பதால் பிரியாணிப் பொட்டலம் உண்டென்று சொல்லி ஊரையே பந்தலில் நிரப்பியிருந்தார்கள். முன்வரிசையில் நடுவர். கடைசி வரிசையில், சபையில் இருப்பது போலவே, செல்லத்தாயும் கூட்டாளிகளும். ஷாஜன் ஓரமாக ஒரு தென்னையில் சாய்ந்து நின்றார். தென்னைக்குத் தென்னை ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ஸ்ரீனிவாசன் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, பாதுகாப்பு என்பது தொழிலாளியின் கையில் இல்லை. கை என்பது வெறும் கை. பாதுகாப்பு எங்கள் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு தொழிலாளி போய்விட்டால் இன்னொருவர் கிடைப்பார். ஒரு விருது போய்விட்டால் கிடைக்குமா?"

கைதட்டல். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

பூங்கனி குழியைச் சுற்றிக் கயிறு கட்டி, இரும்பு ஏணியை இறக்கி, விசிலை வாயில் வைத்து நின்றாள். ஏழு மூன்றின்படி கயிற்றுக்குள் அவள் ஒருத்தி. ஸ்ரீனிவாசன் இறங்கினார். போட்டோக்காரன் கயிற்றுக்கு வெளியே நின்று எட்டி எட்டி எடுத்தான். ஆளுயரத்துக்கும் மேலான குழி. மலையில் இடி முழங்கியது. பூங்கனி விசில் ஊதினாள், ஏணியை உருவினாள், மேலே போட்டாள்.

"ஏய், ஏணி எங்கே?" ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்டது.

"ஒம்பதாம் அதிகாரம் நாலாம் வசனம் சார். இடியோ மின்னலோ தென்படுகையில் உலோக ஏணிகளைக் குழியினின்று உடனே அப்புறப்படுத்துக."

"ஆளை முதல்ல ஏத்தணும்னு போட்டிருக்குமேம்மா!"

"போடல்ல சார். நானும் நல்லா தேடிப் பாத்தேன்."

மழை கொட்டியது. துளித்துளியாகத் தொடங்குகிற வழக்கம் அந்தப் பக்கத்து மழைக்குக் கிடையாது. பக்கத்துச் சானல் கால்வாயின் கரை மண்ணில் இறங்கிய ஈரம் குழியின் சுவர் வழியாகக் கசிந்தது. ஸ்ரீனிவாசனின் கணுக்கால் நனைந்தது.

"நான் உள்ளே இருக்கேன்மா!"

"இருக்க முடியாதே சார். குழியில எறங்கதுக்கு உள்ள சான்று ஒங்ககிட்ட உண்டா?"

சான்று கொடுப்பவருக்குச் சான்று கொடுக்க மேலே ஆளில்லாததால் ஸ்ரீனிவாசனிடம் எந்தச் சான்றும் இல்லை.

"அப்போ இங்க இருந்து பேசறது யாரு?"

"தெரியாது சார். வீட்டு அடுப்பங்கரையில நின்னு பேசுதியளா இருக்கும்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் ஸ்ரீனிவாசன் முதல்முறையாகத் தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மேலே பார்த்து உயிர் போகிற மாதிரிக் கத்தினார். "வெள்ளம்! வெள்ளம்! யாராவது வாங்க, வெள்ளம்!"

பந்தல் பரபரத்தது. தோவாளைக்கு அந்தப் பக்கம், மற்றத் தமிழ்நாட்டில், வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. இந்தக் குமரிப் பக்கம் வெள்ளம் என்றால் குடிப்பது.

"சாருக்கு வெள்ளம் வேணுமாம், பாவம், தொண்ட காஞ்சு போச்சு" என்றாள் ஒருத்தி. ஒரு பாட்டில் கைமாறிக் கைமாறிக் கயிறு வரை வந்தது. பூங்கனி அதை வாங்கிக் குனிந்து மரியாதையாகக் கேட்டாள்.

"பச்ச வெள்ளம்தான் இருக்கு சார். சூடு வெள்ளம் வேணுமானா போடச் சொல்லட்டா?"

"வெள்ளம் வேண்டாம்! வெள்ளம்! வெள்ளம் வருதுன்னு சொல்றேன்!"

"வருது சார், வருது, சீரகம் போட்டுக் கொண்டுவரப் போயிருக்காவ."

டெல்லி நடுவர் கோலப்பனிடம் ஏதோ கேட்டார். கோலப்பனுக்கு இரண்டு வெள்ளமும் தெரியும். தெரிந்ததைச் சொல்லலாம் என்று புத்தகத்தில் இல்லாததால், இயக்குநர் உரையாற்றுகிறார் என்றார். நடுவர் கைதட்டினார்.

ஸ்ரீனிவாசன் குரல் உடைந்தது. "உனக்கு என்னதாம்மா வேணும்?"

இந்தக் கேள்விக்காக அவள் எத்தனை அதிகாரம் மனப்பாடம் செய்திருந்தாள். இப்போது ஒரு வசனமும் சொல்லவில்லை.

"எனக்க கெட்டினவருக்க கை எங்க வெச்சு வெந்தது?"

"இங்கதான். இந்தக் குழியிலதான்."

"ஆரு எறக்கினது?"

"நான்தான். நான்தான் இறங்கச் சொன்னேன். மெஷின் வர வரைக்கும் இருக்கலாம்னு அவன் சொன்னான். வீடியோ நல்லா வரணும்னு லைட்டை உள்ள விடச் சொன்னதும் நான்தான். உங்க வீட்டு அடுப்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. போதுமா?"

தென்னைக்குத் தென்னை அது முழங்கி, வாழைத் தோட்டத்தைத் தாண்டி, ஜங்ஷன் டீக்கடை வரை போயிற்று. மைக் தன் சட்டையிலேயே இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குனிந்து தேடினார். நனைந்த விரலுக்கு அது பிடிபடவில்லை.

பந்தல் தகரத்தில் மழை அடித்தது. ஷாஜன் கயிற்றைத் தாண்டி வந்தார். விதிப்படி வரக்கூடாதுதான். வந்தார். இடது கையால் ஏணியின் ஒரு தலையைப் பிடித்தார்.

"போதும் பூங்கனி. ஏணிய எறக்கு. மனுசன் நனையுதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. பூங்கனி குனிந்தாள். ஏணியின் மறுதலையைப் பிடித்தாள், தூக்கினாள். தூக்கியவள் பந்தலின் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே தகரத்தில் மழை விழுகிற இரைச்சலில் செல்லத்தாய் காதுக்குக் கை வைத்து, பக்கத்தில் இருப்பவளிடம் என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூங்கனி ஏணியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. பின்னால இருக்கியவளுக்கு கேக்கல்ல. இன்னொருக்க சொல்லட்டு."

ஸ்ரீனிவாசன் இன்னொரு முறை சொன்னார். ஷாஜனுக்கு இனிஷியல் என்ன என்று கேட்டுக்கொண்டு, அதையும் சேர்த்துச் சொன்னார்.